கடலூரில் பழைய வீடு வாங்கும்போது: ஈசி மட்டும் போதாது

மஞ்சக்குப்பத்தில் ஓர் ஓட்டு வீட்டை மனையோடு வாங்கிப் பதிவு முடித்தோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அது சுத்தமாக வந்ததும் நம்பிவிடுவதில்தான் ஆபத்து.

டவுனுக்குள் பல பத்திரங்களில் பழைய சர்வே எண்ணே இருக்கும். நகர நில அளவைக்குப் பிறகு அதே மனைக்கு வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) எண் வந்திருக்கும். ஒரு எண்ணில் மட்டும் தேடினால், இன்னொரு எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகலாம். இரண்டு எண்ணிலும் தனித்தனியாகப் போடுங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

பதிவு செய்யாத உயில், வாரிசு உரிமை இவையெல்லாம் ஈசியில் வராது. இறந்துபோன அப்பா பெயரில் உள்ள வீட்டை அண்ணன் தம்பிகள் மட்டும் விற்க வந்தால், கட்டிக்கொடுத்த பெண்களின் கையெழுத்து எங்கே என்று கேளுங்கள். வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். “தங்கச்சிக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு” என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பரப்பு. பட்டாவில் 0.02.50 என்று இருந்தால் இரண்டரை ஏர், அதாவது 250 சதுர மீட்டர், சுமார் 2,691 சதுர அடி. பத்திரம் 2,800 என்று சொன்னால் அந்த நூற்றுச் சொச்சம் அடிக்கும் விலை கேட்பார்கள். சர்வேயரை வைத்து நான்கெல்லையை அளந்த பிறகே விலை பேசுவது நல்லது. தென்பெண்ணைக் கரைப் பக்கம் என்றால் 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எந்தப் பத்திரத்திலும் அது இருக்காது.

கன்னியகோவில், முள்ளோடை பக்கம் போனால் அது புதுச்சேரி. தமிழ்நாட்டு இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணைத் தேடிப் பயனில்லை, கட்டணமும் வேறு.

2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் எல்லாம் சேர்த்து 9%. பேசிய விலை, அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மேல் கணக்கிடுவார்கள். 30 லட்சம் என்றால் 2.70 லட்சம். 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், வாங்குபவர் விலையிலிருந்து 1% டிடிஎஸ் (வருமானவரி) பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர்களுக்கு ஒன்று: அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வருமானவரித் துறையின் அபராதம் வாங்கிய கைக்குத்தான் வரும்.

ஒரு சர்வே எண்ணில் உள்ள இடம் முழுவதையும் வாங்கினால் பட்டா மாறுவது சுலபம். அதில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து வாங்கும் உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும், பின்தொடராவிட்டால் மனு அப்படியே கிடக்கும். வீட்டு வரி, மின்கட்டணம் பாக்கியில்லாமல் கட்டிய ரசீதுகளைப் பதிவு நாளன்றே விற்றவரிடம் வாங்கிவிடுங்கள். பெயர் மாற்றப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.