திட்டம் 2

ஜனவரி 6
குழந்தை பெற்றுக்கொண்டால் செலவு தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் எக்செல் ஷீட்டுக்கு இவர் வைத்திருக்கும் பெயர் 'திட்டம் 2'. திட்டம் 1 இன்னும் முடியவில்லை, அந்தக் கடன் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 11
ஆறு மாதம் ஒரே சம்பளத்தில் வாழ்ந்து பார்ப்பது என்று முடிவு. இன்னொரு சம்பளம் வந்த அன்றே சேமிப்புக்குப் போய்விட வேண்டும். யாருடையதை ஒதுக்குவது என்று நாங்கள் பேசவே இல்லை. என்னுடையதுதான் என்று இரண்டு பேருக்குமே எப்படியோ தெரிந்திருந்தது.

ஜனவரி 19
தலைவலி. ஷீட்டைத் திறக்கவில்லை.

ஜனவரி 27
72-ஐ விலையேற்ற விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று சுமாராகத் தெரிந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 வருடம், 9 என்றால் 8. இதைத் தெரிந்துகொண்டிருக்கவே வேண்டாம். ஷீட்டின் கடைசி வரிகள் முழுக்கச் சிவப்பு. பிறக்காத பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக ராத்திரி 2 மணி வரை விழித்திருந்தேன், அது படிக்குமா என்றே தெரியாது.

பிப்ரவரி 3
டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். 35-க்கு மேல் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா என்று கேட்டேன். அது கருமுட்டை இருப்பைத்தான் காட்டும், இயல்பாகக் கரு தங்குமா என்பதைச் சொல்லாது என்றார். ஐவிஎஃப், அதாவது சோதனைக் குழாய் முறை இருக்கிறதே என்று இவர் இழுத்தார். சொந்தக் கருமுட்டை என்றால் அதற்கும் வயது முக்கியம் என்று டாக்டர் அதையும் முடித்துவிட்டார்.

பணம் சேர 4 வருடம் வேண்டும் என்கிறது ஷீட். அந்த 4 வருடத்துக்கு என்ன விலை, அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

யோசனை இருந்தால் இப்போதே ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பிக்கலாம், தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்னாலிருந்தே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வாங்கி வந்தோம். யோசனை மட்டும்தான் இருக்கிறது.

பிப்ரவரி 10
அம்மா போன். "நாங்க என்ன கணக்குப் பாத்தா பெத்தோம்?" பார்க்கவில்லைதான். பகல் முழுக்க என்னைத் தூக்கி வைத்திருந்த பாட்டிக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, அதனால் நோட்டில் எழுதவும் எதுவும் இருக்கவில்லை. இதைச் சொன்னால் சண்டையாகும். "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16
சண்டை எப்படியும் வந்தது, இவரோடு. குழந்தைக் காப்பகச் செலவு என் சம்பளப் பத்தியில் மட்டும் கழிந்துகொண்டிருக்கிறது. "பாதிக்கு மேல அதுக்கே போயிடுது, அப்புறம் நீ வேலைக்குப் போறதுல என்ன மிச்சம்?" என்றார், ரொம்ப அக்கறையாக. குழந்தை இரண்டு பேருக்கும், காப்பகம் எனக்கு மட்டுமா? நான் இரண்டு வருடம் நின்றால் போவது அந்த இரண்டு வருடச் சம்பளம் மட்டுமா? நடுவில் வரவேண்டிய உயர்வு, ஓய்வூதியச் சேமிப்பு, திரும்பிப் போனால் நாற்காலி இருக்குமா என்பது, இதெல்லாம் எந்த வரியில் வரும்? வசதியான நாடுகளில் ஆண், பெண் சம்பள இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தையோடுதான் உருவாகிறது என்று காட்டிய கிளாடியா கோல்டினுக்கு 2023-இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள், வேண்டுமானால் படித்துப் பாருங்கள் என்று கத்தினேன். கோபத்தில் நோபல் பரிசையெல்லாம் இழுத்திருக்க வேண்டாமோ என்னவோ. ஆனால் விடவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்ச மகப்பேறு விடுப்பு 14 வாரம். உலக சுகாதார நிறுவனமோ 6 மாதம், அதாவது 26 வாரம், தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறது. நடுவில் கிடக்கும் 12 வாரம் யார் கணக்கு?

பிப்ரவரி 17
பேசவில்லை.

பிப்ரவரி 20
ஃபார்முலாவை மாற்றியிருக்கிறார். காப்பகம் இப்போது இரண்டு பத்தியிலும் பாதிப் பாதியாகக் கழிகிறது. கடைசியில் வரும் தொகை பைசா மாறவில்லை, ஆனால் என் பத்தியில் மிச்சம் என்று ஒன்று தெரிகிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 22
"நான் ஆறு மாசம் வீட்டுல இருந்தா?" என்று கேட்டார். சந்தோஷத்தில் உடனே போட்டுப் பார்த்தோம். இவர் சம்பளம் அதிகம், அதனால் ஷீட் இன்னும் மோசமானது. நியாயம் கட்டுப்படியாகவில்லை.

மார்ச் 1
மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். ஏன் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை.

மார்ச் 5
இவர் அலுவலகத்தில் ஆட்குறைப்பு என்று பேச்சு. ஒதுக்கிவைத்த என் சம்பளம் இதுவரை சேர்ந்ததில் வேலையில்லாமல் எவ்வளவு நாள் தாங்கும் என்று தனி ஷீட் போட்டேன். பெயர் வைக்கவில்லை.

மார்ச் 9
பேச்சு அடங்கிவிட்டதாம். நம்பலாமா தெரியவில்லை. உயிர்க் காப்பீடு எடுத்துவிடலாம் என்றார், பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும். சரி என்றேன்.

மார்ச் 12
ஹெச்ஆரிடம் கேட்டே விட்டார். தந்தைக்கான நீண்ட விடுப்பு விதியில் இருக்கிறதாம், சம்பளம் கிடையாது, இதுவரை யாரும் எடுத்ததில்லையாம். படிவம் அனுப்பியிருக்கிறார்கள். 'எந்தத் தேதியிலிருந்து' என்ற கட்டத்தைக் காட்டி என்ன போட என்று கேட்கிறார்.