ஐந்தரை மணிக்கு ஏறிய கோடு

மூன்று நாள் தொடர்ந்து ஒரே முடிவு. ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்க நான் செய்துகொண்டிருந்த ஃபைபர் (ஒளியிழை) சென்சாரிலிருந்து திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் முதலில் வேகமாக ஏறி, பிறகு நிதானமாகி, 40 பிக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோமீட்டர்) போனதும் சமமாக நின்றுவிட்டது. குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியில் அந்தப் புரதம் (ஆன்டிஜென்) ஒட்டும்போது எப்படிப்பட்ட வளைவு வரும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்களோ, அச்சு அசல் அதேதான். லேப் முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். சார் அந்தப் படத்தைத் தன் ஸ்லைடில் சேர்த்துக்கொண்டார். நான்காவது நாள்தான் தெரிந்தது, நான் அளந்துகொண்டிருந்தது அறையின் ஏசியை.

ஆய்வுக் கட்டுரைகளில் "ஃபைபர் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்புக்குள் பொருத்தப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மெல்லிய கால்வாயில் திரவம் ஓடும் சின்னத் துண்டுதான் அந்தச் சிப். அந்த ஒரு வரிக்கு எனக்குப் பதினோரு மாதம் ஆனது. இப்போதுதான் இதில் இறங்குகிறவர்களுக்கு அதில் இரண்டு மாதமாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் பர்ச்சேஸ் செக்‌ஷனில் போனது. நான் கேட்டது பிராக் கிரேட்டிங் எழுதிய ஃபைபர் பத்து. வாங்கித் தரக் கோரும் படிவமான இன்டென்ட்டைப் பார்த்த அலுவலர், "ஃபைபர்தானேம்மா? ஜெம் போர்ட்டல்ல கிலோமீட்டர் கணக்குல கிடக்குது, அதுலயே எடுத்துக்கிடுங்க" என்றார், அரசின் கொள்முதல் இணையதளத்தைச் சொல்லி. அது இன்டர்நெட் கேபிள் சார், இதில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு புற ஊதா லேசரால் அரை மைக்ரானுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் கோடு கோடாக ஒளிவிலகல் எண்ணை மாற்றியிருப்பார்கள், அதுதான் பிராக் கிரேட்டிங், அதனால் 1550 நானோமீட்டர் பக்கம் ஒரே ஒரு அலைநீளம் மட்டும் திரும்பி வரும் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சாதா ஃபைபரை வாங்கி நீங்களே எழுதிக்கலாமே?" என்றார். நல்ல கேள்விதான். அதற்கு எக்ஸைமர் என்ற புற ஊதா லேசரும், கோடுகளை விழவைக்கும் ஃபேஸ் மாஸ்க் என்ற தகடும் வேண்டும், அவற்றை வாங்க நான் இன்னொரு இன்டென்ட் போட வேண்டும். ஃபைல் திரும்பி வந்தது. இரண்டாம் முறை "ஃபைபர்" என்ற சொல்லையே எடுத்துவிட்டு "ஆப்டிகல் சென்சார் எலிமென்ட்" என்று தலைப்புப் போட்டு, ஜெம்மில் இல்லை என்ற அறிக்கையையும் அன்றே எடுத்து இணைத்தேன். ஒன்பது நாளில் கையெழுத்தாகிவிட்டது.

இன்டென்ட்டில் கனெக்டர் எது என்று எழுதுங்கள். நான் எழுதவில்லை. வந்தவை எல்லாம் எஃப்.சி/பி.சி வகை, திரும்பி வரும் அலைநீளத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் இன்டராகேட்டரில் இருப்பது எஃப்.சி/ஏ.பி.சி. ஏ.பி.சி-யின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், பி.சி-யோடு நேராகச் சேர்த்தால் இடையில் காற்று நின்று ஒளி வீணாகும், முனையிலும் கீறல் விழும். இரண்டு ஃபைபரை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசர் எங்களிடம் கிடையாது. கடைசியில் உதவியது விடுதிக்கு இன்டர்நெட் இழுத்துக் கொடுக்கும் அண்ணன். பையில் ஸ்ப்ளைசரோடு வந்தார், லேப் மேஜையில் உட்கார்ந்து பழைய முனைகளை வெட்டிவிட்டு ஏ.பி.சி முனை உள்ள சின்ன ஃபைபர் துண்டுகளை (பிக்டெய்ல்) ஒட்டினார். பத்தில் ஒன்பது ஸ்ப்ளைஸ் முதல் முயற்சியிலேயே சரியாக விழுந்தது. காசு வேண்டாம் என்று டீ மட்டும் குடித்தார். போகும்போது, "இவ்ளோ சின்னத் துண்டை வச்சு எந்த வீட்டுக்குக் கனெக்‌ஷன் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிப்பின் அச்சுக்காக வெளியூரில் உள்ள தூசியில்லா ஆய்வறைக்கு (கிளீன்ரூம்) இரண்டு முறை போக நேர்ந்தது முழுக்க என் தப்பு. கால்வாயின் வடிவம் வரைந்த தகடான மாஸ்க்கைச் செய்து தருபவர்கள், பின்னணி கறுப்பாக இருக்கும் டார்க் ஃபீல்டா, ஒளி புகும் க்ளியர் ஃபீல்டா என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். நான் யோசிக்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டேன். அச்சுக்காக வேஃபரில் (சிலிக்கான் வட்டு) பூசும் எஸ்யு-8 நெகட்டிவ் ரெசிஸ்ட், அதாவது ஒளி பட்ட இடம்தான் கரையாமல் நிற்கும். ஆக மாஸ்க்கில் கால்வாய் ஒளி புகும்படி இருக்க வேண்டும், மற்ற இடமெல்லாம் கறுப்பாக. எனக்கு நேர்மாறாக வந்திருந்தது. இரவு பஸ்ஸில் போய், இரண்டு நாள் ஸ்லாட்டை முடித்து, டெவலப் செய்து பார்த்தால் கால்வாய் மேடாக நிற்க வேண்டிய இடத்தில் பள்ளம். அதில் சிப் செய்யும் சிலிகோன் ரப்பரான பி.டி.எம்.எஸ்-ஸை ஊற்றினால் கால்வாய்க்குப் பதில் சுவர்தான் கிடைக்கும். அடுத்த ஸ்லாட் ஆறு வாரம் கழித்து. இரண்டாவது பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சரியாக வந்தது.

பி.டி.எம்.எஸ் எல்லோருக்கும் தெரிந்த சமையல்தான்: பத்துப் பங்குக்கு ஒரு பங்கு இறுக வைக்கும் திரவம் கலந்து, வேக்குவத்தில் குமிழி நீக்கி, அச்சில் ஊற்றி, 70 டிகிரியில் இரண்டு மணி நேரம். முதல் நான்கு சிப் அருமையாக வந்தன. பிறகு இரண்டு நாள் அடுப்பில் வைத்தாலும் பிசுபிசுவென்றே இருந்தது. அடுப்பைச் சந்தேகப்பட்டோம், புட்டி பழசோ என்று சந்தேகப்பட்டோம், எடை பார்க்கும் மெஷினைக்கூட விடவில்லை. விஷயம் என்னவென்றால், ஸ்டோரில் நைட்ரைல் கையுறை தீர்ந்துபோய் லேட்டெக்ஸ் கையுறை கொடுத்திருக்கிறார்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் பி.டி.எம்.எஸ்-ஸை இறுக வைக்கும் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும். கலக்கும்போது கரண்டியைத் தொட்ட விரலே போதும். அதன் பிறகு நைட்ரைல் பெட்டி ஒன்றை என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இனி எட்ச்சிங். சாதாரண ஃபைபரின் குறுக்களவு 125 மைக்ரான், ஒளி போவது நடுவில் உள்ள 8 மைக்ரான் கோரில். வெளியே இருக்கும் திரவம் என்னவென்று அந்த ஒளிக்குத் தெரியவே தெரியாது. கிரேட்டிங் இருக்கும் இடத்தில் மட்டும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் கண்ணாடியைக் கரைத்து, கோர் வரை மெலிதாக்கினால்தான் ஒளியின் ஓரம் திரவத்தைத் தொடும். இதற்கான அனுமதிப் படிவத்தைப் பாதுகாப்பு அதிகாரி மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை எனக்குக் கோபமே வந்துவிட்டது. காரணம் கேட்டால், அந்த அமிலம் பட்டால் தடவ வேண்டிய எங்கள் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் காலாவதியாகி எட்டு மாதம் ஆகிறதாம். போய்ப் பார்த்தேன், உண்மைதான். அந்த அமிலம் தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிகூடத் தெரியாது, உள்ளே போய் உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பதினோரு மாதத்தில் என்னைத் தடுத்தவர்களில் நன்றி சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

எட்ச் செய்யும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிராக் அலைநீளம் பெரிதாக அசையாது. கோரைச் சுற்றியுள்ள கண்ணாடியான கிளாடிங் தீரப் போகும்போது திடீரென்று கீழே இறங்கத் தொடங்கும், அப்போதே தண்ணீருக்கு மாற்ற வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டு இரண்டு ஃபைபரை முழுசாகக் கரைத்துவிட்டேன். இன்னொரு மூன்று, சிப்புக்குள் வைக்கும்போது ஒடிந்தன. தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத கண்ணாடி, ஏசி காற்றுக்கே ஆடும். கடைசியில் எட்ச் செய்யும் முன்பே ஃபைபரைச் சின்ன டெஃப்லான் சட்டத்தில் இழுத்து ஒட்டி, சட்டத்தோடு அமிலத்தில் இறக்கி, சட்டத்தோடு சிப்பில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றுகூட ஒடியவில்லை.

திரவம் விட ஆரம்பித்ததும் கோடு சீராகப் பல் பல்லாக ஏறி இறங்கியது. அது சிரிஞ்சு பம்ப்பின் மோட்டார். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அழுத்தம் மாறி, மெலிந்த ஃபைபர் இழுபடுகிறது, இழுவையையும் இது அளக்கும் அல்லவா. 10 மில்லி சிரிஞ்சை எடுத்துவிட்டு 1 மில்லி போட்டதும், மோட்டார் வேகமாகச் சுற்ற வேண்டியிருப்பதால் பல் மறைந்துவிட்டது. குமிழிக்கு வைத்தியம் இதைவிட எளிது: பஃபரை (புரதம் கலக்காத உப்புக் கரைசல்) வேக்குவத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டு விடுங்கள், கால்வாயை முதலில் எத்தனாலால் நனையுங்கள்.

இப்போது ஏசி. இன்டராகேட்டர் எங்களுடையது இல்லை, சிவில் துறையோடு பொது. பகலில் அவர்கள் கான்கிரீட் பீமில் கிரேட்டிங் ஒட்டி ஸ்ட்ரெய்ன் (எவ்வளவு இழுபடுகிறது என்று) பார்ப்பார்கள், எனக்கு மாலை ஐந்து மணிக்கு மேல்தான். எல்லாம் மாட்டி, பஃபர் ஓடவிட்டு, ஆன்டிஜென் விடும்போது சரியாக ஐந்தரை ஆகும். ஐந்தரைக்கு மின்சாரச் சிக்கன உத்தரவின்படி வாட்ச்மேன் அண்ணன் சென்ட்ரல் ஏசியை அணைப்பார். 24 டிகிரியில் இருந்த அறை, முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் 28-க்கு ஏறும். பிராக் கிரேட்டிங் டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். நான்கு டிகிரி, 40 பிக்கோமீட்டர். புரதம் ஒட்டினாலும் அலைநீளம் மேலேதான் போகும், சூடானாலும் மேலேதான் போகும், வளைவின் வடிவமும் ஒன்றே. தினமும் ஒரே நேரத்தில் அணைத்ததால் முடிவு மூன்று நாளும் இம்மி பிசகாமல் வந்தது. எனக்கு வியர்த்ததுகூட நினைவிருக்கிறது, சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

மாட்டிவிட்டது பயோடெக் அக்கா. ஜிலேபியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "வெறும் பஃபரை விட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். அன்று மாலை பார்த்தேன். 40 பிக்கோமீட்டர்.

சிவில் துறைத் தம்பியிடம் புலம்பியபோது அவன் ஆச்சரியப்பட்டான். "பாலத்துல ஒட்டும்போதே நாங்க பக்கத்துல இன்னொண்ணு இழுவை படாம சும்மா வைப்போமேக்கா, வெப்பத்தைக் கழிக்க." நானும் எட்ச் செய்யாத ஒரு கிரேட்டிங்கை அதே கால்வாயில் ஓரமாக வைத்தேன். ஒன்று கவனியுங்கள், அப்படியே கழித்தால் போதாது. எட்ச் செய்தது தண்ணீரைத் தொடுகிறது, சூடானால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் குறையும், அதனால் இரண்டும் டிகிரிக்கு ஒரே அளவு நகர்வதில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சூடாக்கிக் கணக்கெடுத்து வைத்துக்கொண்டு, அந்த விகிதத்தில் கழிக்க வேண்டும். கழித்த பிறகு ஆன்டிஜெனுக்கு மிஞ்சியது 9 பிக்கோமீட்டர். வெறும் பஃபருக்கு ஒன்றைத் தாண்டவில்லை. சார் ஸ்லைடை மாற்றிவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை, அது கொஞ்சம் வலித்தது.

விஷயம் தெரிந்ததிலிருந்து வாட்ச்மேன் அண்ணன் ஐந்தரைக்குக் கதவைத் தட்டி, "அணைச்சிரவாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சில் கை வைக்கிறார். நான் அணைக்கச் சொல்கிறேன். திரையில் இரண்டு கோடும் சேர்ந்து ஏறுகின்றன, அடியில் கழித்த கோடு படுத்தே கிடக்கிறது. அதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் ஆன்டிஜென் விடுகிறேன்.