‘சேசுவே, புள்ளைக்கு மூச்சு பத்தல’: பெரம்பூர் லூர்து மாதா கோயில் நடை

பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள் அன்னிக்கு ராயபுரத்துலேர்ந்து பெரம்பூருக்கு வெறுங்கால்ல நடந்து வர்றேன்னு எங்க அம்மா நேந்துக்கிட்டாங்க. தம்பி புள்ளைக்காக. குறைமாசத்துல பொறந்தான், 1 கிலோ 300 கிராம்தான் இருந்தான், ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள மூக்குல டியூபோட கெடந்தான், இப்போ ஆண்டவர் கிருபையில ராத்திரி தெருவே முழிச்சிக்கிற அளவுக்குக் கத்துறான். அம்மாவுக்கு சுகர், முட்டி தேய்மானம் வேற. நம்ம பங்குக் கோயில்தானே, ராயப்பர் (புனித பேதுரு) கோயில்லயே ஒரு பூசை வச்சிடலாமேன்னு சொல்லிப் பாத்தோம். “நேந்தது பெரம்பூருக்கு. ராயப்பர் கோச்சிக்க மாட்டாரு, நீங்கதான் கோச்சிக்கிறீங்க”ன்னு முடிச்சிட்டாங்க.

காலையில நாலு மணிக்குக் கெளம்பினோம். அம்மா, சித்தி, நானு, தம்பி வண்டிய உருட்டிக்கினு பின்னாடியே தண்ணி பாட்டிலும் அம்மா செருப்பும் வச்சிக்கினு வந்தான் (செருப்ப அவங்க திரும்பிக்கூடப் பாக்கல). 6, 7 கிலோமீட்டர்தான் இருக்கும், காரு, பைக்குல போனா ஒண்ணும் தெரியாது, ஆனா வெறுங்கால்ல போனாதான் நம்ம ஏரியா ரோடு என்னா லட்சணம்னு புரியும். மூலக்கொத்தளம் கிட்ட பைப்புக்குத் தோண்டிப் போட்ட ஜல்லி, பேசின் பிரிட்ஜ் தாண்டினதும் பாட்டில் ஓடு, புளியந்தோப்புல குப்பை வண்டி வராத தெரு. டார்ச் அடிச்சிக்கினே நடந்தோம். அப்படியும் அம்மா குதிகால்ல ஏதோ குத்திடுச்சு, ஒக்காந்து பிடுங்கிப் போட்டுட்டு ஜெபமாலைய விட்ட மணியிலேர்ந்து திரும்பத் தொடங்கினாங்க.

அப்போதான் சித்தி கேட்டாங்க, “யக்கா, அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒக்காந்துனு இன்னா கேட்ட மாதா கிட்ட?” நான்லாம் நெனச்சது பெருசா ஏதோ அழுது வேண்டியிருப்பாங்கன்னு. அம்மா நடந்துக்கினே சொன்னாங்க. “இன்னாத்த கேக்கறது. சேசுவே, புள்ளைக்கு மூச்சு பத்தலன்னேன். தாயே, உம் புள்ள கிட்ட நீயும் சொல்லுன்னேன். அவ்ளோதான். அவுரு குடுத்தாலும் எடுத்துக்கினாலும் நடந்து வர்றேன்னேன்.”

எடுத்துக்கினாலும்-னு அவங்க சொன்னதும் தம்பி வண்டிய நிறுத்திட்டான். யாரும் ஒண்ணும் பேசல. டீக்கடை ஒண்ணு தொறந்திருந்துச்சு, டீ குடிச்சிட்டு நடந்தோம்.

நேர்த்திக்கடன்னாலே கடவுள் கிட்ட டீல் பேசுறதுதானே, நீ செஞ்சா நான் செய்றேன்னு, இப்படி எங்க ஆஃபீஸ்ல ஒருத்தர் அடிக்கடி கிண்டல் பண்ணுவாரு. பாதி பேரு அப்படித்தான் பண்றோம், இல்லன்னு சொல்ல முடியாது. இந்தத் தேதிக்குள்ள விசா, இந்த மாப்பிள்ளை, இந்தக் கம்பெனி, கிடைச்சா வெள்ளில உரு போடுறேன், கிடைக்கலன்னா அடுத்த வருஷம் வேற கோயில். ஆனா குடுத்தாலும் எடுத்தாலும் நடக்கிறேன்னு சொல்ற ஆள டீல்னு எந்தக் கணக்குல சேர்க்கிறது?

பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் வரும்போதே கூட்டம். ஐ.சி.எஃப்., வில்லிவாக்கம், வியாசர்பாடி, எங்க காசிமேட்டு ஜனம், சேலை கட்டின இந்து அக்காமார், பூ வச்சிக்கினு வந்த பாட்டிங்க, கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டிங்க, எல்லாரும் மாதா புள்ளைங்க. மெழுகுவர்த்தி விக்கிறவங்க கையில திணிச்சிட்டு அப்புறம் விலை சொல்றாங்க, பத்து ரூபா பொருளு நாப்பது. ஒருத்தன் வந்து “சைடுல கூட்டினு போறேன்க்கா, கெபி கிட்ட நேரா வுட்டுடுவேன், தலைக்கு நூறு”ன்னான் (கெபின்னா மாதா சுரூபம் வச்ச குகை). சித்தி அவனுக்குக் குடுத்த பதில இங்க எழுத முடியாது, திருநாள் வேற.

லைன்ல எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை, கழுத்துல தங்க சிலுவை. தொண்டர் பையன் கயிறு புடிச்சி நிறுத்தினதும் சத்தம். நான் யார் தெரியுமா, இந்த சீரியல் லைட்டு யார் குடுத்தது தெரியுமா, ஃபாதர கூப்புடு. பாவம் அந்தப் பையனுக்குப் பதினஞ்சு வயசு இருக்கும், கயித்த மட்டும் விடல. அரை மணி நேரம் லைன் நகரல.

பூசையில அன்னிக்கு நற்செய்தி கானாவூர் கல்யாணம், லூர்து மாதா திருநாளுக்கு அதுதானே. எத்தனையோ தடவை கேட்டதுதான், அன்னிக்கு வேற மாதிரி கேட்டுச்சு. கல்யாண வீட்டுல திராட்சை ரசம் தீந்து போச்சு. மாதா வந்து மகன் கிட்ட சொல்றது ஒரே வரி, திராட்சை ரசம் தீர்ந்துவிட்டது. எங்கேர்ந்து வாங்கணும், எவ்வளவு, எத்தனை மணிக்குள்ள, ஒண்ணும் சொல்லல. பெத்த தாயி, ஆர்டர் போடலாம், போடல. என் நேரம் இன்னும் வரலன்னு மகன் சொன்னதுக்கும் மறுபேச்சு இல்ல, வேலைக்காரங்க பக்கம் திரும்பி அவர் சொல்றதெல்லாம் செய்ங்கன்னுட்டு ஒதுங்கிடுறாங்க. அப்புறம்தான் ஆறு கல்தொட்டித் தண்ணி ரசமா மாறுறது எல்லாம். நான் அம்மா பக்கம் திரும்பிப் பாத்தேன், அவங்க காலைத் தேய்ச்சிக்கினு கேட்டுக்கினு இருந்தாங்க, அவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இருந்த மாதிரி தெரியல.

நற்கருணை அப்பம் வாங்குறதுக்கு முன்னாடி தகுதியற்றவன்னு எல்லாரும் சேந்து சொல்றோமே, அதை மொதல்ல சொன்னவரு ஒரு ரோம நூற்றுவர் தலைவர். லூக்கா 7-ல பாருங்க, ஊர்ப் பெரியவங்க போயி இயேசு கிட்ட இவரு தகுதியானவரு, எங்களுக்குத் தொழுகைக்கூடமே கட்டிக் குடுத்திருக்காருன்னு சிபாரிசு பண்றாங்க. அவரோ, ஆண்டவரே நீங்க என் வீட்டுக்கு வர எனக்குத் தகுதி இல்ல, நேர்ல வரக்கூட நான் தகுதியானவன் இல்ல, ஒரு வார்த்தை சொன்னா போதும்னு நண்பர்கள் கிட்ட சொல்லி அனுப்புறாரு. கட்டிடமே கட்டினவரு, அதப் பத்தி அவர் வாயில ஒரு பேச்சு வரல. சீரியல் லைட்டு பெரியவர் நாலு வரிசை முன்னாடிதான் இருந்தாரு, அவரும் நெஞ்சுல கை வச்சித்தான் சொன்னாரு. அவர் வீட்டுல என்ன கஷ்டமோ, நமக்கென்ன தெரியும்.

இந்த நாளை உலக நோயாளர் நாளா 1992-ல போப் இரண்டாம் ஜான் பால் அறிவிச்சதால வீல்சேர்லயும் கைத்தாங்கலாவும் நெறைய பேர் வந்திருந்தாங்க. அவங்கள முன்னாடி விட்டாங்க, அதுக்கு யாரும் முணுமுணுக்கல.

பூசை முடிஞ்சதும் தம்பி பொண்டாட்டி புள்ளையத் தூக்கிக்கினு ஆட்டோவுல வந்து சேந்துட்டா. கெபி கிட்ட போனோம். பிரான்சுல லூர்து ஊருல மாதா காட்சி குடுத்தது பெர்னதெத்துக்குத்தான், அவ முழந்தாள்ல நிக்கிற அந்தச் சுரூபத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்கு 1858 பிப்ரவரி 25 ஞாபகம் வரும். 14 வயசுப் பொண்ணு, வீடுன்னு இருந்தது பழைய ஜெயில் ரூமு. ஊருசனம் முன்னாடி மாதா சொன்னாங்கன்னு மண்ணைக் கையால தோண்டுறா, சேறுதான் வருது, மூணு தடவை துப்பிட்டு நாலாவது தடவை குடிக்கிறா, புல்லைத் திங்கிறா, மூஞ்சியெல்லாம் சேறு. பைத்தியம்னாங்க. அந்த எடத்துலதான் இன்னிக்கும் ஊத்து ஓடுது. நல்ல தண்ணி குடுங்க தாயே, அப்புறம் குடிக்கிறேன்னு அவ சொல்லல.

அம்மா புள்ளைய வாங்கினாங்க. எல்லாரும் பண்ற மாதிரி தூக்கிக் காட்டுவாங்கன்னு நெனச்சேன். முந்தானைய விரிச்சு, படியில அவனைக் கெடத்திட்டு, பக்கத்துலயே முட்டி போட்டாங்க. அந்த முட்டியில. பின்னாடி நவுருங்க நவுருங்கன்னு சத்தம், தொண்டர் விசில் அடிக்கிறாரு, என் தோள்ல யாரோட பையோ இடிக்குது. அம்மா குனிஞ்சு நெத்திய படியில வச்சாங்க. பக்கத்துல நின்ன எனக்கு மட்டும் கேட்டுச்சு, “சேசுவே, புள்ள நல்லா மூச்சு வுடுது.” அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. நன்றின்னுகூடச் சொல்லல. எனக்கு அங்க கண்ணு தாங்கல, தம்பி சுவத்தப் பாத்துக்கினு நின்னான், புள்ள மட்டும் மேல தொங்கின லைட்டப் பாத்து சிரிச்சிக்கினு கெடந்தான், சாட்சாத் அந்தப் பெரியவர் போட்ட லைட்டு.

திரும்பும்போது நடந்தே வர்றேன்னாங்க, விடல. ஆட்டோவுக்கு திருநாள் ரேட்டுன்னு மனசாட்சி இல்லாம கேட்டாங்க, குடுத்துட்டு வந்தோம், போகட்டும். ராத்திரியெல்லாம் டியூப மாத்தி மாத்திப் பாத்துக்கிட்ட அந்த நர்சம்மாவுக்கு, பேரே கேக்காம ரத்தம் குடுத்த காலேஜ் பசங்களுக்கு, புளியந்தோப்புல அம்மா காலைப் பாத்துட்டு கடைய விட்டு எறங்கி வந்து மஞ்சத்தூள் குடுத்த பாய்க்கு, கயித்த விடாத அந்தப் பையனுக்கு, எல்லாருக்கும் மேல தாயே உமக்கு, உம் மகன் சேசுவுக்கு கோடி தோத்திரம், கோடி கோடி தோத்திரம். ஆமென்.