ஸ்லீவ் செய்தும் எடை திரும்ப ஏறிவிட்டதா? மறு ஆபரேஷனுக்கு முன் பார்க்க வேண்டியவை

எடைக் குறைப்பு ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குழாய்போல ஆக்கும் ஸ்லீவ், அல்லது இரைப்பையில் சின்னப் பை அமைத்துக் குடலோடு இணைக்கும் பைபாஸ்) செய்தவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் எடை அடிமட்டத்தைத் தொடும். அதன்பின் நாலைந்து கிலோ ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிட்டால், அல்லது அடங்கியிருந்த சுகர் மறுபடி தலைதூக்கினால், அப்போதுதான் மறு ஆபரேஷன் பேச்சே எடுக்கலாம்.

முதலில் பழைய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. ஸ்லீவ் என்றால் எந்த அளவுக் குழாயை வைத்து இரைப்பையை வெட்டினார்கள் (பெரும்பாலும் 36 முதல் 40 ஃப்ரெஞ்ச்; குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு அது), பைபாஸ் என்றால் குடலை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இணைத்தார்கள் என்பதெல்லாம் குறிப்பில்தான் இருக்கும்.

அடுத்து எண்டோஸ்கோப்பி, பேரியம் எக்ஸ்ரே. ஸ்லீவில் இரைப்பையின் மேல்முனையை முழுசாக எடுக்காமல் விட்டிருந்தால் அந்த இடம் நாளடைவில் விரிந்துவிடும். பைபாஸில் பையும் குடலும் சேரும் வாய் 2 செ.மீ.க்கு மேல் அகன்றிருந்தால் சாப்பாடு தங்காமல் இறங்கி, சீக்கிரமே பசிக்கும். கூடவே தைராய்டு டெஸ்ட். சாப்பிடும் மாத்திரைகளையும் போடும் ஊசிகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், கிளிமிபிரைடு (சுகர் மாத்திரை), ஓலான்சபின் (மனநோய் மாத்திரை) நாலுமே எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

வயிற்றில் கோளாறே இல்லை என்றால் காரணம் தட்டில் இருக்கிறது. கேழ்வரகு சத்தானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 100 கிராம் மாவில் புரதம் 7 கிராம்தான், மாவுச்சத்து சுமார் 70 கிராம். களியை மெல்லாமல் விழுங்குவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பழக்கம். சின்ன வயிற்றுக்கு அது ஆகவே ஆகாது. கூழும், சீசனில் கிருஷ்ணகிரி மாம்பழ ஜூஸும் எவ்வளவு குடித்தாலும் வயிறு நிறைந்த உணர்வைத் தராது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம். கொள்ளு மசியலையோ அவரைக்கொட்டைக் குழம்பையோ முதலில் சாப்பிட்டுவிட்டு, களி எலுமிச்சை அளவு போதும்.

எந்த ஆபரேஷன் என்பதைக் காரணம்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சலும் சேர்ந்திருந்தால் ரூ-என்-ஒய் பைபாஸ் (இரண்டு இடத்தில் இணைப்பது) தான் சரி. மினி பைபாஸ் (ஒரே இடத்தில் இணைப்பது) எடையை நன்றாகவே குறைக்கும், ஆனால் பித்தம் மேலேறும் வாய்ப்பு உண்டு; எரிச்சல்காரர்களுக்கு வேண்டாம். மேல்முனை மிச்சமில்லாதபோது ஸ்லீவையே மறுபடி வெட்டுவதில் பெரிய பலன் இருக்காது. பைபாஸில் அகன்ற வாயை எண்டோஸ்கோப்பி வழியாகவே தைத்துச் சுருக்கலாம். உள்ளமைப்பு சரியாக இருப்பவர்கள் பசியைக் குறைக்கும் செமாகுளூடைடு அல்லது டிர்செபடைடு ஊசியை முதலில் முயல்வதே நல்லது என்பேன். நிறுத்தினால் எடை திரும்பும், செலவும் மாதாமாதம் உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள்.

மறு ஆபரேஷனில் ஆபத்து முதல் தடவையைவிட அதிகம். பழைய தழும்பில் உறுப்புகள் ஒட்டிக் கிடக்கும். தடித்த சதையில் ஸ்டேப்ளர் (வெட்டிய இடத்தை மூடும் கருவி) சரியாகப் பிடிக்காமல் கசியலாம். நாடித்துடிப்பு 120க்கு மேல் போய் இறங்காமல் நிற்பது, காய்ச்சல், வயிற்றுவலியோடு இடது தோள்வலி, மூச்சு வாங்குவது இவைதான் கசிவின் அடையாளங்கள். இது வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். சேலத்திலோ பெங்களூரிலோ செய்துகொள்கிறவர்கள் பத்துப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்கும் ராத்திரியில் ஆம்புலன்ஸும் நிற்கத்தான் செய்யும்.

இன்னொன்று நம் மாவட்டங்களில் கவனிக்க வேண்டியது. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து மூட்டுவலியோடு இருப்பவர்கள் இங்கே நிறைய. மெடிக்கலில் கேட்டால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை உடனே கிடைக்கும். பைபாஸ் செய்தவருக்கு அது இணைப்பில் புண்ணாக்கி, ரத்தம் கசியவோ ஓட்டை விழவோ வைக்கலாம். பீடி, சிகரெட்டும் அப்படியே. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். மூட்டுக்கு ஊசி போடப் போனாலும் பைபாஸ் செய்திருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.