தனியிசை விமர்சனம்: நான் இப்போது கேட்கும் விதம்

சுயாதீனக் கலைஞர்களின் இசைத்தொகுப்புகளுக்கு விமர்சனம் எழுதத் தொடங்கியதிலிருந்து நான் பாட்டுக் கேட்கும் பழக்கமே மாறிவிட்டது. முதல் தடவை குறிப்பெடுப்பதில்லை. தொகுப்பை வரிசை மாற்றாமல் கடைசி வரை கேட்கிறேன். மறுநாள்தான் நோட்டைத் திறக்கிறேன். இரவு கழிந்தும் காதில் நிற்பது எதுவோ, விமர்சனம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒலியளவு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். ஒரே பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே, அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லிவிடும். ஸ்பாட்டிஃபை பாடல்களை ஏறக்குறைய மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்து ஒலிக்கவிடுகிறது. கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இறக்கிய கோப்பிலோ கலைஞர் வைத்ததுதான் அளவு. ஆகவே இரண்டு தொகுப்புகளை ஒப்பிடுமுன் நானே அளவைச் சமப்படுத்திக்கொள்கிறேன். அதன் பிறகு, சத்தம் பெருக வேண்டும் என்று ஏற்ற இறக்கத்தை நசுக்கி மாஸ்டரிங் (வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்த பாடல்கள் பல சப்பென்று ஆகிவிடுகின்றன. டிரம் அடியின் முனை மழுங்கியிருப்பது அப்போதுதான் தெரிகிறது.

அண்மையில் எழுதியது, ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டுமே உள்ள ஒரு சிறு தொகுப்பைப் பற்றி. மூன்றாவது பாடலில், சரணத்துக்கு முன் பாடகி இழுக்கும் மூச்சு முழுதாகக் கேட்கிறது. கூடவே தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலி. மெருகேற்றுவதே குறியாக உள்ளவர்கள் இரண்டையும் வெட்டி எறிந்திருப்பார்கள். அந்த மூச்சின் நீளத்தைக் கேட்டு, வரப்போகும் வரியும் நீளமாகத்தான் இருக்கும் என்று காது எதிர்பார்க்கிறது. அவரோ பாதி வரியில் நிறுத்திவிடுகிறார். மிச்ச மூச்சு மைக்கில் விழுகிறது. உருக்கமான குரல் என்று எழுதினால் இதில் எதுவும் வாசகரிடம் போய்ச் சேராது. அதனால் உருக்கம், வசீகரம், மாயம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பாட்டில் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்றே எழுதுகிறேன். நட்சத்திர மதிப்பெண்ணும் தருவதில்லை.

பணக் கணக்கைத் தெரிந்துகொண்டதும் என் தீர்ப்புகளைப் பாதித்திருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஒலித்தால்தான் ஒரு பாடல் ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கு. 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்கு அங்கே உரிமத்தொகை கிடையாது. இந்த நெருக்கடியில் முன்னிசையைச் சுருக்கி நேரே பல்லவியில் இறங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை நிமிடம் சுருதியை மட்டும் ஓடவிட்டுப் பிறகு பாட வருகிற கலைஞரைக் கண்டால், அந்தத் துணிச்சலை எழுதாமல் விடுவதும் இல்லை.

ஒலிப்பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் செய்தவர்களின் பெயர்களோடு அட்டை ஓவியரின் பெயரையும் தேடிச் சேர்க்கிறேன். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அப்படியொரு வெள்ளி வருகிறதென்றால், முந்தின நாளே விமர்சனத்தை முடித்துவிடப் பார்க்கிறேன்.

அடுத்து நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளைக் கையில் எடுத்திருக்கிறேன். அங்கே கைதட்டலையும் சேர்த்து அளந்தால் கணக்குத் தப்பும். பாடல் ஒலிக்கும் பகுதியை மட்டும் தனியே எடுத்து அளவைச் சமப்படுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.