விழுவதற்கு முந்தைய இரண்டு விநாடி

"சும்மாதான் நின்னுச்சு, திடீர்னு விழுந்துடுச்சு." விழுந்த ட்ரோனோடு கூடவே வரும் வாசகம் இது. பறக்கும்போது ஆப் தானாக எழுதிவைக்கும் பறப்புப் பதிவைத் திறந்தால் அந்தத் 'திடீர்' பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ வீட்டுக்கு வெளியே, மணல் போட்ட வாளியில் வையுங்கள். சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையே வேண்டாம். போனிலுள்ள ஆப்பையும் அழித்துவிடாதீர்கள். டிஜேஐ ட்ரோன்களைப் பறக்கவிடும் டிஜேஐ ஃப்ளை ஆப் எழுதும் பதிவு அதன் சொந்த ஃபோல்டருக்குள் இருப்பதால், ஆப் போனால் பதிவும் போய்விடும். அந்த ஃபைலை நகலெடுத்து ஏர்டேட்டா, ஃபேன்டம்ஹெல்ப் போன்ற இணையதளத்தில் ஏற்றினால், விநாடிக்குச் சுமார் 10 வரி வீதம் அட்டவணை கிடைக்கும்.

கடைசி வரியில் எல்லாமே தாறுமாறாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு மேலே போங்கள். ரிமோட்டிலுள்ள ஸ்டிக் சொல்லாததை ட்ரோன் முதன்முதலில் செய்த வரி எது? அதுதான் வேண்டும். ஸ்டிக் நடுவில் இருந்தால் அட்டவணையில் 1024, இரு ஓரங்களில் 364, 1684. பக்கத்திலேயே சாய்வு, திரும்பல், கிடைவேகம் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் விநாடிக்கு 8 மீட்டரிலிருந்து ஓரிரு வரிகளுக்குள் பூஜ்யமாகி, அதன் பிறகு சாய்வு எகிறினால் எதிலோ மோதியிருக்கிறது. சாய்வும் சுழற்சியும் முந்திக்கொண்டு, வேகமும் உயரமும் பிறகு மாறினால் மோட்டார் அல்லது இறக்கை (ப்ரொப்பெல்லர்) கோளாறு. டிஜேஐ மினி 2 போன்ற சிறிய ட்ரோன்களுக்குக் கீழ்நோக்கிய சென்சார் மட்டுமே உண்டு. படம் எடுத்தபடி பின்னால் நகர்ந்தால் மரக்கிளை அதற்குத் தெரியாது. சென்சார் உள்ள மாடல்களிலும் ஸ்போர்ட் மோடில் தடை காணும் வசதி வேலை செய்யாது.

எந்த மோட்டார் என்பதையும் பதிவே காட்டிக்கொடுக்கும். உந்துவிசை போன மூலைப் பக்கம் ட்ரோன் சாயும். செத்த மோட்டார் எந்தத் திசையில் சுற்றுமோ, அதே திசையில் உடலும் சுழலும். முன்வலது மோட்டார் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்றால், அது நின்றதும் மூக்கு தாழ்ந்து, வலப்பக்கம் சரிந்து, உடல் இடப்பக்கமாகச் சுழலும். அந்த மோட்டாரைத் தாங்கும் ட்ரோனின் கையில் இறக்கையின் அடிப்பகுதியில் வெள்ளைக் கோடு போல விரிசல் இருக்கிறதா, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, மோட்டாரை விரலால் சுற்றும்போது மணல் உரசுகிறதா என்று பாருங்கள். தரையை விட்டு எழும்போதே குப்புறக் கவிழ்ந்தால் இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை, இறக்கைகள் இடம் மாறியிருக்கும். மினி வகைகளில் குறியிட்ட இறக்கை குறியிட்ட கைக்குத்தான்.

கொஞ்சம் தந்திரமானது மொட்டை மாடி வழக்கு. ட்ரோனை ஆன் செய்ததும், தான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதைக் காம்பஸை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அந்தக் காந்தப்புலத்தை வளைத்துவிடும். மேலே போனால் கம்பியின் பாதிப்பு இல்லை, ஆனால் தொடக்கத் திசை தப்பு. ஜிபிஎஸ் "கிழக்கே நகர்ந்துவிட்டாய்" என்று சொல்ல, ட்ரோன் மேற்கு என்று நினைத்து வேறெங்கோ தள்ளும். பிழை கூடும், மறுபடி தள்ளும். பதிவில் ஸ்டிக் எல்லாம் 1024, வேகமோ ஏறிக்கொண்டே போகும். மேப்பில் வட்டம் பெரிதாகிக்கொண்டே வரும். கிளப்புமுன் மேப்பிலுள்ள அம்புக்குறியும் நிஜ மூக்கும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று ஒரு பார்வை போதும். பொருந்தாவிட்டால் ஆஃப் செய்து, வேறு இடத்துக்குப் போய் ஆன் செய்யுங்கள். அதே மாடியில் நின்று காம்பஸ் கேலிபரேஷன் செய்தால் தப்பைப் பதிய வைப்பதாகும்.

40 மீட்டர் உயரத்தில் பதிவு அறுந்துபோனால் அட்டவணையில் சிக்னல் நிரலைப் பாருங்கள். படிப்படியாகக் குறைந்து அறுந்திருந்தால் தொடர்புதான் போயிருக்கிறது. ட்ரோன் வேறெங்காவது விழுந்திருக்கலாம். சிக்னல் முழுசாக இருக்கும்போதே அறுந்தால், பேட்டரி க்ளிப் சரியாக மாட்டாமல் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு முன் பேட்டரிக்குள் உள்ள ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள்: சதவீதம் 30 என்று காட்டும்போதே ஒரு செல் மட்டும் 3.0 வோல்ட் பக்கம் சரிந்திருந்தால் அந்தச் செல்தான் குற்றவாளி.

இன்னொன்று, பதிவில் வரும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்டது. பள்ளத்தில் கிளப்பி, மேட்டுப் பக்கம் பறக்கவிட்டு, தானாகத் திரும்பிவரும் உயரத்தை 30 மீட்டர் என்று வைத்தால், மேட்டிலுள்ள தென்னைக்கு அந்த 30 போதாமல் போகலாம்.

வாரண்டி கேட்கப் போவதானால் ஒடிந்த இறக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள், வளைந்த கையை நிமிர்த்தாதீர்கள். ட்ரோனுக்குள் இருக்கும் விரிவான பதிவு புதிய மாடல்களில் பூட்டப்பட்டிருப்பதால் அதைத் தயாரிப்பாளர்தான் படிக்க முடியும். அனுப்புமுன் உங்களிடமுள்ள போன் பதிவின் நகலைத் தனியாக எடுத்து வையுங்கள்.