கவுண்ட் எங்கிருந்து வருகிறது?

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளைத் திறக்கும் நேரத்தில் தியேட்டரில் எல்லார் காதும் ஒரே சத்தத்தில் இருக்கும். காமா புரோப், அதாவது கதிர்வீச்சை உணரும் கைக்கருவி, அதன் நுனி தோலைத் தொட்டதும் கன்சோல் விட்டுவிட்டுக் கூவத் தொடங்கும். நிணநீர் முடிச்சை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்து, கூவல் ஒரே நாதமாக இழையும். "கவுண்ட் வருதா?" என்று சர்ஜன் கேட்பார். புரோப் உணரும் கதிர்களின் எண்ணிக்கைதான் கவுண்ட். வருகிறது என்பது பாதிப் பதில்தான். எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் அது முழுப் பதில்.

கையில் ஆறாத புண் இருந்தால் அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்போம். மார்பகத்தின் நிணநீரும் பெரும்பாலும் அதே அக்குள் முடிச்சுகளுக்குத்தான் போகிறது. புற்றணுக்கள் கிளம்பினால் முதலில் தங்கும் முடிச்சு எதுவோ, அதுதான் காவல் முடிச்சு. தியேட்டரில் சென்டினல் நோட் என்றே சொல்வோம். அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. இந்த முறை வருவதற்கு முன் அக்குளை முழுவதும் வழித்தெடுப்பதுதான் வழக்கம். அதன் விலையைக் கொடுப்பது நோயாளியின் கை. ரவிக்கைக் கை ஏறாத அளவு வீங்கும், தோள் மரக்கும், குடம் தூக்க முடியாது. 1977-இல் கபானாஸ் என்ற மருத்துவர் ஆண்குறிப் புற்றுநோயில் இந்தக் கருத்தைச் சொன்னார். 1992-இல் மார்ட்டன் என்ற சர்ஜன் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் நீலச் சாயத்தைக் கொண்டு முடிச்சைத் தேடினார். 1993-இல் கிராக் என்ற சர்ஜன் காமா புரோப்பை மார்பகத்துக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அறுவையின் ஒரு பாதி அணு மருத்துவத் துறையின் ஹாட் லேபில், அதாவது கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் அறையில், நடக்கிறது.

அந்தப் பாதியில் பிழை நேர்ந்தால் தியேட்டரில் யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது. நாம் மார்பகத்தில் ஊசியாகக் கொடுப்பது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் ஏறிய கொலாய்டு, அதாவது நுண்துகள்கள் மிதக்கும் திரவம். நிணநீரோடு போய்க் காவல் முடிச்சில் அது தங்கும், அதன் கதிரைத்தான் புரோப் உணர்கிறது. அரை ஆயுள் 6 மணி நேரம், காமா ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அன்றே அறுவை என்றால் கதிரியக்க அளவில் அரை மில்லிகியூரி, அதாவது 18.5 மெகாபெக்கரல், போதும். காலை 8.30-க்குப் போட்டது 11.30-க்கு 0.35 மில்லிகியூரியாக இறங்கியிருக்கும். மறுநாள் அறுவை என்றால் முதல் நாள் மாலை கூடுதலாகப் போட வேண்டும். மாலை 4 மணிக்குப் போட்ட 1 மில்லிகியூரி மறுநாள் காலை 10 மணிக்கு எட்டில் ஒன்றாகிவிடும். தியேட்டர் பட்டியலில் கேஸ் பின்னால் தள்ளிப்போனால் அணு மருத்துவத்துக்கு ஒரு போன் போக வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கொலாய்டின் துகள் அளவும் முக்கியம். பெரிய துகள் ஊசி போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடும். மிகச் சிறியது முதல் முடிச்சில் நிற்காமல் அடுத்ததற்கு ஓடிவிடும். சல்ஃபர் கொலாய்டு என்றால் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக வடிக்கிறோம். வடிகட்டியே கணிசமான பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் வடித்தபின் மறுபடி அளக்காமல் சிரிஞ்சில் ஏற்றக் கூடாது.

அளக்கும் டோஸ் கேலிபிரேட்டர் கிணறு போன்ற ஓர் அயனி அறை, உள்ளே வைத்த மருந்தின் கதிரியக்கத்தை எண்ணாகக் காட்டும். அதில் நடக்கும் பிழைகள் சின்னச் சின்னவை. முந்தைய ஆள் டெக்னீசியத்துக்குப் பதில் அயோடின்-131 என்ற வேறு கதிரியக்கப் பொருளின் பொத்தானில் விட்டுப் போயிருப்பார். சிரிஞ்சைத் தாங்கும் தண்டு அடிவரை இறங்காமல் பாதியில் நிற்கும், எண் குறைந்து தெரியும். கிணற்றுச் சுவரில் சிந்திய ஒரு துளி எல்லா அளவையும் உயர்த்திக் காட்டும். அதனால் காலியாக வைத்து ஒரு பேக்ரவுண்ட், பிறகு சிரிஞ்சு, ஊசி போட்டு வந்தபின் காலி சிரிஞ்சு என மூன்று எண்களைக் குறிக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 0.2 மில்லி அளவு மருந்தில் ஊசியின் கழுத்தில் தங்குவதே பெரிய பங்கு. கொலாய்டு பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். போகும்போது 0.62 மில்லிகியூரி, திரும்பும்போது 0.17 என்றால் உள்ளே போனது 0.45. சீட்டில் 0.62 என்று மட்டும் எழுதியிருந்தால், கவுண்ட் ஏன் குறைவு என்று தியேட்டரில் வீணாகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும். இன்சுலின் சிரிஞ்சும், மருந்துக்குப் பின்னால் துளிக் காற்றும் இந்த இழப்பைக் குறைக்கும். போடுவதற்கு முன் சிரிஞ்சை மெல்லப் புரட்டிக் கொடுக்கவும் வேண்டும்.

ஊசி காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில், தோலுக்குள் போகும். கொசு கடித்த தடிப்புப் போல ஒரு கொப்புளம் எழும்பினால் சரியான ஆழம். எரியும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஊசியை உருவும்போது துளை வாயில் ஒரு முத்து வெளியே வரும். அந்த முத்துதான் பிற்பகல் தலைவலிகளில் பாதிக்குக் காரணம். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, அதே கையுறையோடு நோயாளியின் கையைத் தூக்கி அக்குளைத் தொட்டால், கதிர்களைப் படமாக்கும் காமா கேமராவில் அருமையான காவல் முடிச்சு ஒன்று தெரியும். தோலைத் துடைத்தால் போய்விடும் முடிச்சு அது. பஞ்சை ஈயப் பெட்டியில் போட்டு, கையுறையை மாற்றி, அதற்குப் பிறகே அடுத்த வேலை. "அஞ்சு நிமிஷம் நீங்களே தடவிக் கொடுங்கம்மா" என்று சொன்னால் நிணநீர் நகரும். தடவிய கையையும் கழுவச் சொல்ல வேண்டும்.

படம் எடுத்துத் தோலில் குறி போடுகிறோம். அறுவை மேசையில் கை எப்படி விரிந்திருக்குமோ அப்படியே, உடலுக்குச் செங்குத்தாக விரித்து வைத்துக் குறிக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட குறி, கையை இறக்கியதும் முடிச்சை விட்டு விலகிவிடும். தோல்தான் நகர்கிறது, முடிச்சு அதனோடு சேர்ந்து நகர்வதில்லை.

தியேட்டருக்குப் போகும் புரோப் ஒரு பேனாவை விடக் கொஞ்சம் பருமனான குழாய். நுனியில் ஒரு படிகம் அல்லது குறைகடத்தி, சுற்றிலும் டங்ஸ்டன் கவசம். காலையில் கோபால்ட்-57 சோதனை மூலத்தை அதே தாங்கியில், அதே தூரத்தில் வைத்து 10 விநாடி எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மூலத்தின் அரை ஆயுள் 272 நாள், மாதத்துக்குச் சுமார் 7 விழுக்காடு குறையும். இதைக் கணக்கில் எடுக்காதவர்கள் ஆறு மாதம் கழித்துப் புரோப் கெட்டுவிட்டது என்று சர்வீஸ்காரரைக் கூப்பிடுவார்கள். உண்மையில் கெடுவது பெரும்பாலும் கேபிள். இறுக்கிச் சுருட்டி வைத்தால் கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ளே கம்பி விடும். அசைக்கும்போதெல்லாம் இல்லாத கவுண்ட் வெடித்து வரும். டயதர்மி, அதாவது மின்சூட்டால் திசுவை வெட்டும் காட்டரி, ஓடும்போது சில புரோப்கள் உளறும். காட்டரியை நிறுத்திவிட்டு எண்ணுவதே பழக்கமாக இருக்கட்டும். கன்சோலின் ஆற்றல் சன்னலும், அதாவது எந்த ஆற்றலுள்ள காமாவை எண்ணுவது என்ற வரம்பும், 140-ஐச் சுற்றி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சன்னல் கீழே திறந்து கிடந்தால், உடலுக்குள் சிதறி வலுவிழந்து வரும் காமாவும் எண்ணிக்கையில் சேரும். முடிச்சு இருக்கும் இடம் ஒரு புள்ளியாகத் தெரியாமல் புகைமூட்டமாகப் பரவிவிடும்.

இனி அக்குள். போட்ட மருந்தில் பெரும்பகுதி ஊசி இடத்திலேயே இருக்கிறது. முடிச்சுக்குப் போவது பெரும்பாலும் ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவோ. பக்கத்து வீட்டுக் கல்யாண ஒலிபெருக்கிக்கு நடுவே நம் வீட்டுக் குழந்தை சிணுங்குவதைக் கேட்கும் வேலை இது. கட்டி மார்பகத்தின் மேல் வெளிப்பக்கம் இருந்து, ஊசியும் அங்கேயே போட்டிருந்தால் இன்னும் சிரமம். புரோப் ஊசி இடத்தின் பக்கம் சற்றே சாய்ந்தால் போதும், எண் எகிறும். கண்டுபிடிக்க ஒரே வழி புரோப்பைத் திருப்பிப் பார்ப்பது. மார்பகத்தை உதவியாளர் நடுப்பக்கமாக இழுத்துப் பிடிக்க, நுனியை மார்பகத்துக்கு முதுகு காட்டி வைத்து எண்ண வேண்டும். 310 என்று காட்டியது 40-க்கு விழுந்தால் அது ஊசி இடத்தின் வெளிச்சம். எப்படிச் சாய்த்தாலும் ஒரே புள்ளியில் 300-ஐ ஒட்டி நின்றால் அங்கே முடிச்சு இருக்கிறது. மெதுவாக நகர்த்த வேண்டும். கன்சோல் சராசரி எடுத்துக் காட்டுவதால், வேகமாக ஓட்டினால் முடிச்சைத் தாண்டிப் போனபிறகுதான் எண் உயரும். வெட்டு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விழும்.

எடுத்த முடிச்சை நோயாளிக்கு மேலேயே வைத்து எண்ணுவது நம்மைப் பொறுத்தவரை எண்ணாததற்குச் சமம். மேசையை விட்டு இரண்டு அடி விலகி, புரோப்பின் நுனியை மேலே பார்க்கத் திருப்பி, முடிச்சை ஃபோர்செப்ஸால் நுனியின் நடுவில் வைத்து 10 விநாடி எண்ண வேண்டும். இதுதான் வெளி எண். உள்ளே இருந்தபோது காட்டியதோடு இதை ஒப்பிடக் கூடாது. தூரம் இரட்டித்தால் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகிறது, அரை சென்டிமீட்டர் கொழுப்புகூடக் கணக்கை மாற்றிவிடும். அதிகச் சூடான, அதாவது கவுண்ட் மிக அதிகமான, முடிச்சு விநாடிக்கு 2400 என்றால் பத்தில் ஒரு பங்கு 240. அதற்கு மேல் காட்டும் எல்லா முடிச்சையும் எடுக்கிறோம். 700 காட்டுவது வரவேண்டும், 150 காட்டுவது இருக்கலாம். கடைசியில் காலி அக்குளின் எண்ணும் 240-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். விநாடிக்கு 10 கவுண்ட் போன்ற சிறிய எண்களில் ஒரே விநாடியைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. 10 கவுண்டில் மூன்று ஏறுவதும் இறங்குவதும் கதிரியக்கத்தின் இயல்பு. 10 விநாடி எண்ணி 100 சேர்ந்தால் அந்தத் தடுமாற்றம் பத்து விழுக்காட்டுக்கு இறங்கும்.

நீலச் சாயமும் சேர்த்துப் போடுவது நல்ல துணை, கீமோ முடிந்து வருபவர்களுக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். அவர்களுக்கு நிணநீர்ப் பாதை தழும்பேறி அடைந்திருக்கக்கூடும். மூன்று முடிச்சாவது கிடைத்தால்தான் முடிவை நம்பலாம். சாயம் போடுமுன் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மெத்திலீன் நீலம் ரத்தத்தில் சேர்ந்ததும் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்த ஆக்சிஜனைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், தியேட்டரே பதறிப்போகும்.

எவ்வளவு தேடியும் கவுண்டே வராத நாளும் உண்டு. முதலில் சோதனை மூலத்தை நுனியில் காட்டுங்கள், அது கூவினால் புரோப் நலம். பிறகு ஊசிச் சீட்டில் நேரத்தையும் மிச்சத்தையும் பாருங்கள். வயதும் உடல் பருமனும் கூடியவர்களுக்கு மருந்து மெதுவாக நகரும். இவை எதுவும் இல்லையென்றால் கவனம் கூட வேண்டும். புற்று முழுவதும் நிரம்பிய முடிச்சுக்குள் நிணநீர் நுழையாது, மருந்தும் நுழையாது. நிணநீர் அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த முடிச்சுக்குப் போய்விடும், அடுத்தது சூடாகக் கூவும். புரோப் அளப்பது டெக்னீசியத்தை மட்டுமே. நோய் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அதனால் புரோப்பைக் கீழே வைத்தபிறகு சர்ஜனின் விரல் ஒருமுறை அக்குளுக்குள் போய்த் தேட வேண்டும். புளியங்கொட்டை போலக் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், கூவாவிட்டாலும் அதை எடுத்துத் தனிப் பாட்டிலில் போட்டு, "கவுண்ட் இல்லை, சாயம் இல்லை, கையில் தட்டியது" என்று எழுதிப் பேத்தாலஜிக்கு அனுப்ப வேண்டும்.